டிவியை மானிட்டராக வைத்துப் புரோகிராம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வீட்டில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடமாக என் மேஜையில் இருப்பது 43 இஞ்ச் 4கே டிவிதான், மானிட்டர் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் சொல்லிச் சொல்லி, பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்து ஊர்களிலிருந்து படிக்கிற பிள்ளைகளும் வேலையில் இருப்பவர்களும் போனில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

டிவியும் ஒரு திரைதானே? ஒயரைச் சொருகினால் போதாதா?

படம் வந்துவிடும். எழுத்துதான் சுத்தமாக வராது. பத்தடி தள்ளி உட்கார்ந்து சினிமா பார்ப்பவருக்காகச் செய்த பொருள் டிவி. உள்ளே வரும் படத்தை அது சும்மா விடாது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும், விளிம்புகளைக் கூர்மையாக்கும், அசைவுக்கு நடுவே தானாகவே ஃபிரேம் சேர்க்கும், நிறத்தை ஏற்றிக் காட்டும். இரண்டரை அடியில் உட்கார்ந்து, இது காற்புள்ளியா அரைப்புள்ளியா என்று பார்க்கிறவருக்கு இதெல்லாம் இடைஞ்சல்.

நமக்கு வேண்டியது ஒன்றுதான். கணினி அனுப்பும் ஒவ்வொரு பிக்சலும் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) திரையில் அதே பிக்சலாக, அதே நிறத்தில், தாமதம் இல்லாமல் வந்து விழ வேண்டும். கீழே சொல்லப்போகும் அமைப்புகளில் பெரும்பாலானவை, டிவியிடம் "இதில் கை வைக்காதே" என்று சொல்லும் வழிகள்.

எத்தனை இஞ்ச் வாங்கலாம்?

40 முதல் 43 வரை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணம் கணக்கு. 4கே என்றால் 3840க்கு 2160 பிக்சல். அதை 43 இஞ்சில் பரப்பினால் ஓர் இஞ்சுக்குச் சுமார் 102 பிக்சல் வரும். 21.5 இஞ்ச் ஃபுல் எச்டி (1920க்கு 1080 பிக்சல்) மானிட்டரிலும் அதே 102தான். அதாவது அப்படிப்பட்ட நான்கு மானிட்டர்களை நடுவில் சட்டம் இல்லாமல் ஒட்டி வைத்தது போல. ஒரு வரிக்கு 20 பிக்சல் என்று வைத்தால், ஒரே பார்வையில் நூறு வரிக்கு மேல் தெரியும். நீளமான ஒரு ஃபங்ஷனை (புரோகிராமின் ஒரு துண்டை) மேலும் கீழும் உருட்டாமல் முழுசாகப் பார்க்கிற சுகம் தனி.

50 இஞ்ச் என்றால் இஞ்சுக்கு 88 பிக்சல். பரவாயில்லை, ஆனால் மேஜை ஆழமாக இருக்க வேண்டும். 55 இஞ்சில் 80தான். எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியத் தொடங்கும், திரையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். 43 இஞ்ச் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண் திரும்பினாலே ஓரம் எட்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் மேஜை இதற்குப் போதாது, 75 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும்.

கடையில் குறைந்த விலைக்கு "4கே சப்போர்ட்" என்று 32 இஞ்ச் டிவி சொல்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். "சப்போர்ட்" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 4கே சிக்னலை ஏற்றுக்கொண்டு, 1366க்கு 768 பிக்சலே உள்ள பேனலில் சுருக்கிக் காட்டும் டிவிகள் உண்டு. பெட்டியின் மேல் பேனல் ரெசல்யூஷன் 3840க்கு 2160 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வேறு எதையும் கேட்க வேண்டியதே இல்லை.

மவுஸ் இழுவையாக நகர்கிறது. டிவி பழுதா?

டிவி நன்றாகத்தான் இருக்கும். நானும் முதலில் பழுது என்றே நினைத்து, இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். சாயங்காலமானால் தலைவலி வரும். கடைசியில் பார்த்தால், திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் இருந்த எச்டிஎம்ஐ, அதாவது படத்தை டிவிக்கு அனுப்பும் இணைப்பு, பழைய 1.4 ரகம். அதன் வழியாக 4கே படத்தை முழு நிறத்தோடு அனுப்பினால் 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 முறைக்கு, மேல் போகாது. 60 ஹெர்ட்ஸுக்கு 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். லேப்டாப், ஒயர், டிவியின் போர்ட் மூன்றும் அதற்கு ஏற்றதாக இருந்தால்தான் நடக்கும், ஒன்று பழசானாலும் எல்லாம் பழசுதான்.

லேப்டாப்பில் யூஎஸ்பி-சி போர்ட் இருந்து, அதில் படம் அனுப்பும் வசதியும் இருந்தால், 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதிய எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றை வாங்குங்கள். நான் அப்படித்தான் தப்பித்தேன். நாலைந்து போர்ட் வைத்த மலிவு ஹப்புகளில் பல 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஒயர் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால் இப்போது எத்தனை ஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று காட்டும்.

60 ஹெர்ட்ஸ் வந்த பிறகும் மவுஸ் பின்தங்கினால், டிவி படத்தை அழகுபடுத்த நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சில டிவிகளில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை போகும். அந்த வேலையைக் குறைத்துப் படத்தை உடனே காட்டும் கேம் மோடை ஆன் செய்யுங்கள்.

கருப்புத் திரையில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கித் தெரிகிறது. வெள்ளை எழுத்து நன்றாக இருக்கிறது. ஏன்?

இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இது. இதைப் புரிந்துகொள்ளாமல் "டிவி சரிப்பட்டு வராது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஒரு பிக்சலுக்கு வெளிச்சம் என்று ஒரு தகவல், நிறம் என்று ஒரு தகவல். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அந்த அளவுக்குப் பிடிக்காது. அதனால் சினிமாவிலும் ஒளிபரப்பிலும் இடத்தை மிச்சப்படுத்த, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் நான்குக்கு ஒரே நிறத் தகவலைக் கொடுப்பார்கள். 4:2:0 என்பது இதுதான். இரண்டுக்கு ஒன்று என்றால் 4:2:2. ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த நிறம் என்றால் 4:4:4.

எழுத்தின் கோடு ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் தடிமன்தான். வெள்ளை எழுத்து வெளிச்சத் தகவலிலேயே முழுசாக வந்துவிடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்சப் பங்கு குறைவு, பச்சைக்குத்தான் அதிகம். அதனால் கருப்பில் சிவப்பு எழுதினால் பெரும்பாலும் நிறத் தகவலை நம்பித்தான் அது நிற்கிறது, அந்தத் தகவலோ பக்கத்துப் பிக்சல்களோடு பங்கு போட்டது. கோடு தண்ணீரில் விழுந்த மை மாதிரி பரவிவிடும். கருப்புப் பின்னணி வைத்த டார்க் தீமில் எரர் செய்தி எல்லாம் சிவப்பில் வருவதால், எது தெளிவாகத் தெரிய வேண்டுமோ அதுவே கலங்கும்.

தீர்வு டிவியின் மெனுவில் இருக்கிறது. பழைய கருவிகளும் ஒத்துப்போகட்டும் என்று பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டைக் குறைந்த வேகத்திலேயே வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் 4கே 60 ஹெர்ட்ஸ் போக வேண்டுமென்றால் 4:2:0 ஆகச் சுருக்கித்தான் போக முடியும். சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்", சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்டை "என்ஹான்ஸ்டு" என்று மாற்றுவது. பெயர்கள் வேறு, வேலை ஒன்று. அப்புறம் அந்த இன்புட்டின் பெயரை அல்லது ஐகானை "பிசி" என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி டிவிகளில் அது வெறும் பெயர் மாற்றம் இல்லை. உள்ளே கணினி என்று தெரிந்துகொண்டு, நிறத்தை முழுசாக வாங்கிக்கொள்ளும். கணினிப் பக்கம் கிராபிக்ஸ் செட்டிங்கில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், அளவை ஃபுல் என்றும் வையுங்கள்.

வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். சில டிவிகளில் நடு எண்தான் "எதுவும் செய்யாதே" என்று பொருள்படும். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவை "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஃபிட் டு ஸ்கிரீன்" என்று மாற்ற வேண்டும். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மங்கச் செய்யும் எக்கோ சென்சார் எல்லாம் ஆஃப். நான்கு மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானாக அணையும் அமைப்பு பல டிவிகளில் உண்டு, அதையும் எடுத்துவிடுங்கள். வேலை மும்முரத்தில் திரை இருண்டால் எரிச்சலாக இருக்கும்.

வெளிச்சத்தைக் குறைக்க, பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கான "பேக்லைட்" என்பதைக் குறையுங்கள். "பிரைட்னஸ்" என்று இருப்பது பல டிவிகளில் கருப்பின் அளவை மாற்றுவது, அதைத் தொட்டால் நிழல் பகுதிகள் கெடும்.

வாங்கும் முன் கடையிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், செய்தே ஆக வேண்டும். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் மீன் நீந்துவதும் பூ விரிவதுமாக டெமோ வீடியோ ஓடும். அதைப் பார்த்து நமக்கு ஒன்றும் தெரியாது. லேப்டாப்பையும் நல்ல ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூட்டம் இல்லாத காலை நேரமாகப் போய், "வாங்கத்தான் வந்திருக்கிறேன், பத்து நிமிஷம் சொருகிப் பார்க்கிறேன்" என்று பக்குவமாகக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்ததில்லை.

முதலில் கருப்பில் சிவப்பு எழுத்து, கருநீலத்தில் ஊதா எழுத்து, இரண்டும் சின்ன அளவில். மெனுவை மாற்றிய பிறகும் கலங்கினால் அந்த மாடல் வேண்டாம். மலிவு மாடல்கள் சிலவற்றில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளையும் கலந்த பேனல் இருக்கும். அதில் எழுத்து என்ன செய்தாலும் திருந்தாது.

அடுத்து, இரண்டரை அடியில் நின்று நான்கு மூலைகளையும் பாருங்கள். பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலில் கருப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது நிறம் வெளுக்கும். இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் நேராக உட்கார்ந்தாலும் மூலைகள் பக்கவாட்டுதான். ஐபிஎஸ் பேனலில் இந்தத் தொல்லை குறைவு. கடைசியாக, பேக்லைட்டைப் பாதியாகக் குறைத்து, போன் கேமராவில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்த வெளிச்சம் வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. எல்லாருக்கும் அது உறுத்தாது, எனக்கு உறுத்தும்.

இவ்வளவு பெரிய வெளிச்சம் கிட்டத்தில் இருந்தால் கண் கெடாதா?

என் அனுபவத்தில் கண்ணுக்கு முன் கழுத்துதான் முறையிடும். 43 இஞ்ச் திரையின் உயரமே 53 சென்டிமீட்டருக்கு மேல். அதைக் காலோடு மேஜையில் நிறுத்தினால் மேல் விளிம்பு கண்ணைவிட நன்றாக உயர்ந்து நிற்கும். அண்ணாந்து பார்த்தால் இமை அதிகம் விரிந்து கண் சீக்கிரம் உலரும், மேலே ஃபேனும் ஓடினால் கேட்கவே வேண்டாம். சுவரில் மாட்டி, கீழ் விளிம்பு மேஜையைத் தொடுகிற அளவுக்கு இறக்குங்கள். எழுதும் கோப்பைக் கீழ்நடுவில் வைத்து, மேல் பகுதியை எப்போதாவது பார்க்கும் லாக் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவு), கடிகாரம் போன்றவற்றுக்கு விடுங்கள்.

ஜன்னலுக்கு எதிரில் டிவியை வைக்காதீர்கள். பளபளப்பான பேனலில் நம் கடற்கரை வெளிச்சம் அப்படியே திருப்பி அடிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். கடல் தெரிகிற வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை.

திரை பெரிதானால் வேலை வேகமாகுமா?

திரையில் திறக்கும் ஜன்னல்களை (விண்டோ) ஒழுங்குபடுத்தினால் ஆகும். ஒரே எடிட்டரை முழுத்திரையாக விரித்தால் வரிகள் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மற்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள ஃபேன்சிசோன்ஸ், திரையை நாம் விரும்பியபடி பாத்தி கட்டித் தரும். லினக்ஸில் அதே வேலைக்கு ஐ3, ஸ்வே. நான் நடுவில் புரோகிராம், இடப்பக்கம் கட்டளை தட்டும் டெர்மினல், வலப்பக்கம் ஓடும் பக்கமும் ஆவணமும் என்று மூன்று பாத்தி வைத்திருக்கிறேன்.

உப்புக்காற்றில் டிவி எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் ஊரில் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலோடு உப்பும் சேர்ந்து வீட்டுக்குள் வரும், வாடை தொடங்கினால் ஈரம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். போர்டிலோ போர்ட்டிலோ படிந்த உப்பு காய்வதே இல்லை. செம்பில் பச்சைக் களிம்பு பிடிப்பது அதனால்தான். டிவிக்குப் பின்னால் காற்றோட்டத்துக்காக விட்ட துளைகள் வழியே அது உள்ளே போகும்.

நான் செய்வது இது. கடல் பார்த்த ஜன்னலை டிவியின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி வைப்பதில்லை. பயன்படுத்தாத எச்டிஎம்ஐ, யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி. சொருகிய ஒயரை அடிக்கடி பிடுங்கிச் சொருகுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எல்லாவற்றையும் அணைத்து, ஒயர் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைப்பேன். படம் விட்டு விட்டு வந்தால் டிவியைக் குறை சொல்வதற்கு முன் ஒயர் முனையைப் பாருங்கள், பல நேரம் அங்கேதான் களிம்பு இருக்கும். டிவியைத் தினமும் ஓட விடுவதும் நல்லது, உள்சூடு ஈரத்தை அண்ட விடாது. வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் டிவிதான் சீக்கிரம் கெடுகிறது.

திரையை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. மணலும் உப்புப் பொடியும் உப்புத்தாள் போலத் தேய்த்துக் கோடு போட்டுவிடும். முதலில் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம், பேனலின் மேல்பூச்சு போய்விடும்.

கரண்ட் எவ்வளவு இழுக்கும்? இடி மின்னலுக்கு என்ன செய்வது?

பின்புறம் ஒட்டிய ஸ்டிக்கரில் வாட் இருக்கும். 80 வாட் என்று வைத்து, தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் சுமார் 38 யூனிட். பேக்லைட்டைக் குறைத்தால் இன்னும் குறையும். இன்வெர்ட்டர் இருந்தால் டிவியையும் அதில் சேருங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போதெல்லாம் லேப்டாப் திரை போனதென்று நினைத்து எல்லா ஜன்னல்களையும் தன் சின்னத் திரையில் குவித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடியில் பலர் மறக்கிற இடம் ஒன்று உண்டு. கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயரை விட்டுவிடுவார்கள். மின்னல் அதன் வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்புக்கும் போகலாம். மானிட்டராக மட்டும் பயன்படுத்தும் டிவிக்கு டிஷ் ஒயரே வேண்டாம்.

எச்டிஎம்ஐ முனையைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டு பின் சார்ஜர்களிலிருந்து கசியும் சிறு மின்சாரம் அது. சொருகும்போது அதுவே போர்ட்டைக் கொல்லலாம். இரண்டு பக்கமும் அணைத்துவிட்டுச் சொருகுங்கள், எர்த் சரியாக இருக்கும் சாக்கெட்டில் மூன்று பின் சார்ஜரைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் ஒரே டிவிதான். அதிலேயே படிக்கலாமா?

தாராளமாக. தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் அப்படித்தான் பைத்தான் படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பா 61 நாளும் கரையில் இருப்பார், டிவி அவருக்கு வேண்டும். அதனால் அவன் விடிகாலையில் உட்காருவான். ஹாலில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதானால் விண்டோஸில் அளவை 200 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு படிக்க அதுவே சுலபம். 1080 டிவியாக இருந்தாலும் கற்றுக்கொள்ளும் காலத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. கணினியே இல்லாதவர்கள் ராஸ்பெரி பை 4 போன்ற சின்னப் போர்டை டிவியில் சொருகித் தொடங்கலாம். அது 4கேயில் 60 ஹெர்ட்ஸும் தரும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஓஎல்இடி டிவி வாங்கலாமா?

ஓஎல்இடி என்றால் பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் பேனல். தினம் எட்டு மணி நேரம் புரோகிராம் எழுத அது வேண்டாம் என்பேன். டாஸ்க்பார், எடிட்டரின் ஓரப்பட்டை போல அசையாமல் நிற்பவை நாளடைவில் தழும்பாகப் பதியும். வெள்ளைப் பக்கத்தைப் பெரிதாகத் திறந்தால் திரை தானே மங்கும்.

ஸ்மார்ட் டிவியை வைஃபையில் இணைக்க வேண்டுமா?

மானிட்டருக்குத் தேவையில்லை, நான் இணைக்கவில்லை. திரையில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் கண்டு தகவல் அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. அது எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் பார்க்கக்கூடும். நாம் திறந்து வைப்பது வேறொருவர் நம்மை நம்பிக் கொடுத்த புரோகிராம். இணைத்தே ஆக வேண்டுமென்றால், பிரைவசி பகுதியில் அந்த அனுமதியை எடுத்துவிட்டு இணையுங்கள்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா?

தெரியும், ஆங்கிலத்தைவிட ஒரு படி பெரிதாக வைத்தால். "க்" என்பதற்கும் "க" என்பதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆங்கில எழுத்துக்குச் சரியாக இருக்கும் 14 பிக்சல் அளவில் அந்தப் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிவிடும். நிற விளிம்பு தெரிந்தால் பேனலில் சிவப்பும் நீலமும் இடம் மாறி இருக்கலாம், டிவிகளில் அது உண்டு. விண்டோஸின் கிளியர்டைப் அமைப்பில் காட்டும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும், லினக்ஸில் எழுத்துரு அமைப்பில் பிஜிஆர் (நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை) என்று மாற்ற வேண்டும். டெர்மினலில் தமிழ் வரி கோணலாகி, கர்சர் வேறிடத்தில் நின்றால் அது டிவியின் குற்றம் இல்லை. டெர்மினல் எல்லா எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது, "ணை"யும் "ர"வும் ஒரே அகலம் இல்லை. நான் தமிழ்க் குறிப்புகளை எடிட்டரில் மட்டும், நோட்டோ சான்ஸ் தமிழில், 18 பிக்சலில் வைத்திருக்கிறேன். 80 சென்டிமீட்டரில் புள்ளி தனியாகத் தெரிகிறது.